ஏகாம்பரத்துக்கு ஒரு குரல்

சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கின நாளிலிருந்து யாரும் கழற்றவில்லை போலிருக்கிறது, தணிகை அசையும்போதெல்லாம் அது கீச்சென்றது, அவன் தொண்டை தன்பாட்டுக்கு அதைப் பிடித்துப் பார்த்தது, கீச், இல்லை, இன்னும் கொஞ்சம் அடியிலிருந்து, க்ரீச், ஆ, அதுதான், அச்சு அசல், ரிசப்ஷனில் இருந்த பெண் நிமிர்ந்து சோபாவைப் பார்த்தாள், சோபா அசையவில்லை, தணிகையும் அசையவில்லை, உள்ளுக்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மட்டும் குதித்து ஓடினான், ஓடினவன் அப்படியே நின்றும் போனான், ஏனென்றால் பக்கத்தில் இன்னாசி உட்கார்ந்திருந்தார். இன்னாசி இங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்நேரம் தெருமுனை டீக்கடையில் நிற்க வேண்டும், ஒரு கையில் கிளாஸ், கக்கத்தில் மடித்த பேப்பர், அதுதான் இருபது வருஷ வழக்கம். எந்தக் கம்பெனிக்குக் கதை சொல்லப் போனாலும் தணிகை உள்ளே போவான், இன்னாசி வெளியே நிற்பார், எழுதுகிறவர் அவர், சொல்கிறவன் இவன். சினிமாவில் தாளில் கொடுத்தால் எவன் படிக்கிறான், வாயால் சொல்ல வேண்டும், டைட்டிலிலிருந்து வணக்கம் வரைக்கும், மழை பெய்தால் மழையாகப் பெய்து, கார் வந்தால் காராக வந்து, கதாநாயகி அழுதால் மூக்கு நுனி சிவக்க அழுது காட்ட வேண்டும், அதற்கு இன்னாசியின் வாய் ஆகாது. "நாலு பேரு மூஞ்சியப் பாத்தா நமக்கு நாக்கு ஒட்டிக்கிடும்டே, நீ போய்ச் சொல்லு, நான் இங்கன நிக்கேன்" என்பார். நின்றுகொண்டே இருந்தவர் இன்று காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு பழுப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நானும் உள்ள வாரேன்." "எதுக்குண்ணே, ஏசி ஒத்துக்காது, அப்புறம் ராவெல்லாம் இருமுவீங்க." "அதுக்குத்தான் சால்வை. ஒரே ஒரு தடவ நீ சொல்லுறத இருந்து கேக்கணும் தணிகை. இதுக்கப்புறம் எங்க." இதுக்கப்புறம் எங்க. ஆட்டோ சாலிகிராமத்துப் பள்ளத்தில் எல்லாம் விழுந்து எழுந்து வந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் தணிகை நினைத்தான், வண்டி இத்தோடு நின்றுவிட்டால் என்ன, அச்சு முறிந்தால் என்ன, ஒரு சின்ன முறிவு, யாருக்கும் அடிபடாமல். அது பாட்டுக்கு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

இதுக்கப்புறம் எங்க என்றால் இதுதான் கடைசி என்று அர்த்தம், இன்னாசிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, வெள்ளிக்கிழமை லாட்ஜ் ரூமைக் காலி செய்துவிட்டுத் தூத்துக்குடிக்கு, மகள் வீட்டுக்கு. இவ்வளவு வருஷத்தில் இரண்டு பேர் பெயரும் ஒரு படத்தில்கூட வந்ததில்லை, அடுத்தவன் கதைக்கு உயிர் கொடுத்தது, அடுத்தவன் வசனத்துக்கு மெருகு போட்டது, எல்லாம் உண்டு, திரையில் பெயர் மட்டும் இல்லை. இந்தப் படம் வரும். வந்தேவிட்டது மாதிரிதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாசிலாமணி படம் எடுக்க வந்திருக்கிறார், அவருடைய மச்சான் சுதாகர் போன வாரம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான், நிஜமாகவே தரையில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாய்ஸ் சார், அந்த ஏகாம்பரம் வாய்ஸ், ஐயோ, மாமா இதைக் கேக்கணும்" என்றான். அந்த வாய்ஸ். அங்கேதான் தணிகையின் நினைப்பு மறுபடி மறுபடி போய் முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. ஏகாம்பரத்தின் குரல் இன்னாசியின் குரல். இது சினிமாத் தெருவில் தணிகை கதை சொல்லிக் கேட்ட அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு பைத்தியக்காரக் குரலாகத் தெரியும், யாருடையது என்று தெரியாது, ஏனென்றால் இன்னாசி யார் முன்னாலும் வாய் திறந்ததில்லை, தெரிய வேண்டிய ஒரே ஆள் டீக்கடையில் நிற்பார். எப்போது வந்தது அந்தக் குரல்? எந்தக் கம்பெனி அது, சுவரெல்லாம் கண்ணாடி ஒட்டியிருந்த கம்பெனி, கதை செத்துப் பிணமாகக் கிடந்தது, கேட்டுக்கொண்டிருந்தவர் பல் குத்திக்கொண்டிருந்தார், ஒரு கல்யாணத் தரகர் வரவேண்டிய இடம், தரகருக்கு என்ன குரல் போடுவதென்று யோசித்து வரவில்லை, வாயைத் திறந்தான், தானாக எட்டிக் குதித்தது, "தப்பா நெனைக்கப்படாது, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன்." பல் குத்தியவர் குச்சியை விழுங்கப் பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு எந்தக் கதையாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஒரு ஆள் உள்ளே வந்துவிடுவான், கம்பவுண்டர், கோயில் மணியக்காரர், ஒரு கதையில் பேய். இன்னாசி ஒன்றும் அறியாமல் அவர்களுக்கு வசனம் எழுதுவார், எழுதிவிட்டு வெளியே நிற்பார், தணிகை படி இறங்கி வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார், "சிரிச்சாங்களா?" "சிரிச்சாங்கண்ணே." "எதுக்கு?" "வசனத்துக்குத்தாண்ணே, வேற எதுக்கு." இன்னாசி தலையை இரண்டு தரம் ஆட்டுவார். "ம். அந்த எடத்துல ஒரு வார்த்தைய மாத்துனேன் பாத்தியா, அதுக்குத்தான் சிரிச்சிருப்பானுவ."

ஒரு ஆளின் குரலைப் பிடிக்க வேண்டுமென்றால் அவன் உரக்கப் பேசுவதைப் பிடித்துப் பிரயோஜனமில்லை, அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று பிடிக்க வேண்டும், பயம்தான் குரலில் வளைகிற இடம், மற்றதெல்லாம் வெறும் சத்தம். தணிகைக்கு இது ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும், அரக்கோணத்து ஹெட்மாஸ்டர் இடிபோலக் கத்துவார், கத்தி முடிக்கிற இடத்தில் ஒரு நூலிழை நடுக்கம், யாராவது எதிர்த்துப் பேசிவிடுவார்களோ என்று, தணிகை தண்ணித்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த நடுக்கத்தோடு "மணி அடிய்யா!" என்றான், பியூன் அடித்தார், பள்ளிக்கூடம் முழுக்கக் காக்காய்க் கூட்டம் மாதிரி வெளியே பாய்ந்தது, ஹெட்மாஸ்டர் வராந்தாவுக்கு வந்தார், கத்த வாயெடுத்தவர் கத்தவில்லை, தானேதான் சொல்லியிருப்போமோ என்று சந்தேகப்பட்டு அப்படியே நின்றார், அந்த முகம், ஐயோ அந்த முகம், எத்தனை வருஷம் அதை நினைத்துச் சிரித்திருக்கிறான், இன்றைக்கு அது சிரிப்பாக இல்லை, ஒரு மனுஷன் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு நிற்கிற முகம், அதற்கு மேல் இன்னாசியின் மீசையை ஒட்டிப் பார்த்தான், ஒட்டிக்கொண்டது. இன்னாசியின் குரல் மன்னிப்பில் தொடங்கும், நடுவில் தைரியம் வந்து ஒரு படி ஏறும், ஏறினதும் கீழே பார்த்துவிட்டுத் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடியும், அதுதான் சிரிப்பு, அந்த உட்கார்ந்துபோகிற இடம்தான், அந்த இடம் இன்னாசியின் ஆயுசு முழுக்க இருக்கிற பயம், அதைத்தான் தணிகை ஒவ்வொரு கம்பெனியாகக் கொண்டுபோய்க் கொட்டிக் காட்டினான், பார்த்தீர்களா பார்த்தீர்களா என்று. "என்னடே, தொண்டையில எதும் கீது பண்ணுதா," இன்னாசி குனிந்து கேட்டார், "கிராம்பு வச்சிருக்கேன், தரட்டா?" "வேணாண்ணே." "வாயில அடக்கிக்க. நல்ல எடத்துல கட்டிக்கிச்சுன்னா வம்பு." கிராம்பை வாங்கிக்கொண்டான். காரம் நாக்கில் இறங்கியது. இந்த ஆள் ஏன் இப்படி இருக்கிறார், ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா, ஒரு தடவை கையை ஓங்கியிருக்கக் கூடாதா, அப்படி இருந்தால் எவ்வளவு சுலபம்.

சண்டை போட்டார்கள், முதல் நாளே போட்டார்கள், அது வேறு சண்டை. ஒரு ஃபிலிம் சொசைட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை, பழையது, கீழே எழுத்து வரும் என்றார்கள், வரவில்லை, வேறு ஃபிலிம் பெட்டி வந்துவிட்டதாம், பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். படத்தில் ஒரு ஓட்டல் அறை, அதில் கதை எழுதுகிற இரண்டு பேர், ஒருத்தன் வழுக்கை, ஒருத்தன் ஒட்டடைக்குச்சி, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்ய ஒரு மாப்பிள்ளை கையில் பூங்கொத்தோடு மாடிப்படியில் காத்திருக்கிறான், வழுக்கை ஏதோ சொன்னால் விழுந்தடித்து மேலே ஓடுகிறான், ஒட்டடைக்குச்சி மறுத்துப் பேசினால் பின்பக்கமாகவே கீழே இறங்குகிறான், பாவம், பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. தணிகை இருட்டில் சும்மா இருப்பானா, அப்போது வயசு இருபத்தாறு, அடிக்குரலில் தமிழ் போட ஆரம்பித்தான், வழுக்கைக்கு ஹெட்மாஸ்டர், ஒட்டடைக்குச்சிக்கு பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர், "யோவ் மேல ஏறுய்யா", "ஏறாதே, டிக்கெட்டை எடு", "பொண்ணு மேல இருக்குய்யா", "இருந்தா என்ன, சில்லறை இருக்கா", பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கினார். அவர்தான் இன்னாசி. வெளியே வந்து டீ குடிக்கையில் அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்கப்படாது, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன், கடைசில அந்த மாப்ள தப்பிச்சுப் போயிட்டான், என்ன?" என்றார். "எங்க தப்பிச்சான், செத்துட்டான்ண்ணே. அதான் திரை வெள்ளையாப் போச்சே." "வெள்ளையாப் போனா வெளிய போயிட்டான்னு அர்த்தம்." "செத்தாலும் வெளியதான்." மத்தியானம் வரைக்கும் நடந்தது, தேனாம்பேட்டையிலிருந்து வடபழனி வரைக்கும் நடந்தே வந்தார்கள். சொசைட்டிச் செயலாளருக்கு பிரெஞ்சு தெரியும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இரண்டு பேரும் கேட்கவில்லை, கேட்டால் படம் முடிந்துபோய்விடும் என்று ஒரு பயம், ஆசை, என்னவோ ஒன்று. அதற்குப் பிறகு இவர்கள் செய்த கதை எல்லாம் அந்தப் புரியாத படத்தின் குட்டிகள்தான். இன்று சொல்லப்போவதும் அதுவேதான், வடபழனி லாட்ஜில் இரண்டு பேர் உட்கார்ந்து கதை பண்ணுகிறார்கள், கதையில் ஏகாம்பரம் என்று ஒரு மாப்பிள்ளை, அவனைக் கொல்லலாம் என்கிறான் ஒருத்தன், கல்யாணம் பண்ணிவைக்கலாம் என்கிறான் ஒருத்தன், கதவு தட்டுகிற சத்தம், திறந்தால் ஏகாம்பரமே நிற்கிறான், பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, தன் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை பேச வந்திருக்கிறான். இதை எழுதும்போது இன்னாசி லாட்ஜ் கட்டிலில் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். யார் அந்த ஏகாம்பரம் என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா. தோன்றாமல் ஒரு மனுஷன் தன்னையே எப்படி எழுதுவான்.

வேறு குரல் போட்டால் போச்சு. இதற்கு ஏன் இத்தனை பாடு, தொண்டைக்குள் குரலுக்கா பஞ்சம், வரிசையாக நிற்கிறார்களே, ரேஷன் கடை எடை போடுகிறவர், போடலாமா, "கார்டை வச்சிட்டு தள்ளி நில்லு", சே, அவன் சாவுக்குப் பயப்படுகிற ஜாதியில்லை, சாவே அவனிடம் வரிசையில் நிற்கும். பல் டாக்டர், வேண்டாம். மாசிலாமணியின் குரலையே போட்டால், "ஏனுங், என்னைய எதுக்குங் கொல்றீங்க", சிரிப்பார்கள், அப்புறம் யோசிப்பார்கள், அப்புறம் கையைப் பிடித்து வெளியே விடுவார்கள். அம்மா குரல். அதை யார் கேட்டது, அது ஏன் இப்போது வந்து நிற்கிறது, வேண்டாம் என்று திரும்பினாலும் அந்தப் பக்கமும் அதுவே நிற்கிறது. அம்மா செத்தபோது தங்கை புஷ்பாவுக்கு ஆறு வயசு, சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அண்ணே அம்மா மாதிரி கூப்பிடு என்றாள், அவன் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டான், "புஷ்பூ, வந்து துன்னுட்டுப் போடி", அவள் எழுந்து வந்தாள், தட்டைப் பார்த்துத்தான் வந்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மறுநாளும் கூப்பிடு என்றாள், அதற்கு மறுநாளும். கூப்பிடக் கூப்பிட நன்றாக வந்தது, முதல் நாளைவிட நன்றாக, அம்மாவைவிட நன்றாக. இப்போது அம்மாவை நினைத்தால் கேட்பது அவன் தொண்டைதான், எவ்வளவு தோண்டினாலும் அடியில் அம்மா இல்லை, அவன் செய்து வைத்ததுதான் இருக்கிறது, இது யாருக்கும் தெரியாது, புஷ்பாவுக்கும்கூட, அவளுக்கும் அதுதான் அம்மா. வெள்ளிக்கிழமை இன்னாசி போய்விடுவார். தூத்துக்குடியில் ஒரு நாள், இல்லை, அதை நினைக்க வேண்டாம், நினைத்தால் நடந்துவிடும் என்றில்லை, இருந்தாலும் நினைக்க வேண்டாம், ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சப்போவது எது, ஏகாம்பரம், தரகர், கம்பவுண்டர், பேய், எல்லாம் ஒரே குரலில், கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் வளைத்து, சிரிப்பு வருகிற மாதிரி. "ஏண்ணே," என்றான் தணிகை, எதையாவது பேச வேண்டும் என்று, "ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். கூப்பிட இன்னும் நேரமாவும்." "நீயும் வாயேன்." "நான் இருக்கணும்ண்ணே." "அப்ப நானும் இருக்கேன்." சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் கீச்சென்றது.

கதவைத் திறந்துகொண்டு சுதாகர் தலையை நீட்டினான், கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றியிருந்தான், "தணிகை சார், மாமா செம மூட்ல இருக்கார், வாங்க வாங்க. இவர் யாரு?" "இன்னாசிமுத்து சார். எழுதினவர்." "ஓ, ரைட்டர் சாரா! வணக்கம் சார்." இன்னாசி எழுந்து கும்பிட்டார், வாய் திறக்கவில்லை, நல்லவேளை, மாதாவே, தணிகைக்கு மாதாவைத் தெரியாது, இன்னாசியின் மாதாதான், இருந்தாலும் கூப்பிட்டான், இந்த மனுஷன் இப்படியே வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். சுதாகர் தணிகையின் தோளில் கை போட்டு, இன்னாசிக்குக் கேட்காது என்று நினைத்து, கேட்கிற மாதிரியே, "சார், அந்த வாய்ஸ்ல ஒரு சுருதிகூடக் குறையக் கூடாது. மாமாகிட்ட ஒரு வாரமா அதைத்தான் சொல்லி வச்சிருக்கேன். கதை எப்படியோ போகட்டும், அது இருந்தா படம் ஓகே" என்றான். கதை எப்படியோ போகட்டும். தணிகை திரும்பிப் பார்த்தான். இன்னாசி செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தார். "எந்த வாய்ஸ்டே?" "அது ஒண்ணுமில்லண்ணே. ஏகாம்பரத்துக்கு ஒண்ணு போடுவேன்." "நல்லாப் போடு" என்றார் இன்னாசி. "அவன் பாவம் பாத்துக்கோ. சிரிக்கிறதுக்காண்டி அவன லூசாக்கிப்புடாத." இதை அவர் எப்போதும் சொல்வதுதானா, இன்றைக்குத்தான் சொல்கிறாரா, தணிகைக்கு நினைவில்லை, கிராம்பு நாக்கில் மரத்துப்போயிருந்தது, கால் மட்டும் உள்ளே போய்விட்டது.

மாசிலாமணி பெரிய உருவம், நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வழிந்துகொண்டு, வெள்ளைச் சட்டைக்குள் அவர் கம்பெனிப் பனியன் தெரிய உட்கார்ந்திருந்தார், "வாங்க சாமி, உக்காருங்க. எனக்குக் கதையெல்லாம் தெரியாதுங்க, சிரிக்கத் தெரியும், அழுகத் தெரியும், ரெண்டுல ஒண்ணு பண்ணி வுடுங்க போதும்" என்றார். தணிகை ஆரம்பித்தான். மழையாகப் பெய்தான், லாட்ஜ் மின்விசிறியாகக் கடகடத்தான், இரண்டு எழுத்தாளர்களாகி ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தான், நன்றாகத்தான் போனது, மாசிலாமணி தொடையைத் தட்டினார், பக்கத்தில் இன்னாசி குழந்தை பொம்மலாட்டம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், கதை ஓடுகிறது, ஓடி ஓடி எங்கே போய் நிற்கும் என்று தணிகைக்குத் தெரியும், அந்தக் கதவு, டொக் டொக், நாற்காலிக் கையில் விரலால் தட்டினான், எழுந்து கதவைத் திறக்கிறான், ஏகாம்பரம் நிற்கிறான், மாலை, பட்டு வேட்டி, வாயைத் திறக்கிறான். சுதாகர் இப்போதே சிரிக்கத் தயாராகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். இன்னாசியின் உதடு அசைகிறது, வசனத்தைக் கூடவே சொல்கிறார், சத்தமில்லாமல். அந்தக் குரல் தொண்டைக்கு வந்து நின்றது, வாசல்வரை வந்த மாடு மாதிரி, தணிகை அதன் கொம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளினான், ரேஷன் கடைக்காரரை முன்னால் இழுத்துவிட்டான். ரேஷன் கடைக்காரர் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரியும் அவரே பேசினார். சுதாகர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டான், கூலிங் கிளாஸை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டான். மூன்றாவது வரிக்கு மாசிலாமணியின் கண் மேஜையில் இருந்த போனுக்குப் போனது, திரும்பவில்லை. "ஏனுங் தணிகை," என்றார், மரியாதையாக, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி, "மச்சான் ஒரு குரலு சொன்னானுங்க. இதுதானுங்களா அது?" "தொண்டை கட்டியிருக்குங்க." "அட, சார், அது இல்ல மாமா, அது வேற, இப்படி வரும்," சுதாகர் எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னவோ செய்தான், ஆடு கத்தின மாதிரி இருந்தது. தணிகை பக்கவாட்டில் பார்த்தான், இன்னாசியின் முகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அந்த ஆட்டுக் கத்தலில் தன்னை யார் கண்டுபிடிப்பார்கள். தப்பித்தோம், படம் போனது, போகட்டும், படம் போனது, இன்னாசி வெள்ளிக்கிழமை வெறும் பெட்டியோடு ரயிலேறுவார், போகட்டும், மகள் கேட்பாள் என்னப்பா ஆச்சு என்று, போகட்டும், போகட்டும். "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க," மாசிலாமணி போனை எடுத்துவிட்டார், "நானே சொல்லி அனுப்பறேன்."

அப்போதுதான் சால்வை சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. இன்னாசி எழுந்திருந்தார். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்கப்படாது," என்றார், "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். தம்பி நல்லாச் சொல்லுவான். இன்னைக்கி அவனுக்கு, அதாவது, ஒரு தடவ நீங்க," அங்கே அவருக்குத் தலைசுற்றியது, அங்கேயே குரல் உட்கார்ந்துவிட்டது. அறை வெடித்தது. சுதாகர் தரையில் இருந்தான். மாசிலாமணி போனைப் போட்டுவிட்டு மேஜையை இரண்டு கையாலும் அறைந்தார், "அட அட அட, இதில்ல குரலு! மச்சான், இதுதானே?" "இதேதான் மாமா! அச்சு அசல்! ரைட்டர் சாரும் பண்றாரு! ஐயோ, தணிகை சாரைவிட நல்லாப் பண்றாரு!" இன்னாசி சிரித்தார், மற்றவர்கள் சிரிப்பதால், என்ன ஏதென்று தெரியாதவர் சிரிக்கிற மாதிரி, கை இன்னும் நெஞ்சுக்கு முன்னால் கட்டியபடி. பிறகு அந்தச் சிரிப்பு ஓரங்களிலிருந்து மெதுவாகக் கழன்றது. தணிகையைப் பார்க்கவில்லை. தணிகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார், மேஜை, போன், சுவரில் மாட்டியிருந்த பனியன் விளம்பரம், அதில் சிரிக்கிற பையன். "இன்னொருக்காச் சொல்லுங்கய்யா," மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், "கதையில வர்றதைச் சொல்லுங்க, அந்த மாப்ள சொல்றதை." சொல்லாதீங்கண்ணே. சத்தம் வரவில்லை, இவ்வளவு குரல் இருந்தும் அதைச் சொல்ல ஒன்று அகப்படவில்லை. இன்னாசி நிமிர்ந்தார். அவர் எழுதின வரி, தணிகை இன்னும் போய்ச் சேராத வரி, மனப்பாடமாக வந்தது. "தப்பா நெனைக்கப்படாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். நீங்க எழுதுன சாவு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் அளவு சரியில்ல." சொல்லிவிட்டு மூக்கை மேலே இழுத்தார், சின்னதாக, சுருக்கென்று ஒரு உறிஞ்சல்.

அந்த உறிஞ்சல் இன்னாசியுடையதல்ல. இருபது வருஷத்தில் பேசி முடிக்கும்போது அவர் ஒரு நாளும் மூக்கை உறிஞ்சியதில்லை, சளி பிடித்த நாளில்கூட இல்லை, துண்டால் நாசூக்காகத் துடைப்பார். அது தணிகை போட்டது. கேட்கிறவர்கள் ஒரு தரம் சிரித்து ஓய்கிற நேரத்தில் இன்னொரு சிரிப்புக்காகக் கடைசியில் ஒட்டவைத்தது, மூடின கதவுக்கு உள்ளே, கம்பெனி கம்பெனியாக, வேறெங்கும் செய்ததில்லை, வீட்டில் இல்லை, லாட்ஜில் இல்லை, உள்ளே இருந்தவர்களும் கதவுக்கு அந்தப் பக்கம் காது வைத்து நின்றவர்களும் தவிர யாரும் அதைக் கேட்டிருக்க முடியாது. எத்தனை கதவு. சாந்தோமில் அந்தத் தேக்குக் கதவு, தி. நகரில் கண்ணாடி, வளசரவாக்கத்தில் கதவே இல்லை, வெறும் திரைச்சீலை. திரைச்சீலைக்குக் கீழே செருப்புத் தெரிந்ததா. பார்த்தானா அவன். எப்போதாவது பார்த்தானா. மாசிலாமணி எழுந்து வந்து இன்னாசியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார், "படம் பண்றோமுங்க. தைப்பூசத்துக்குப் பூசை. பேரு போட்டுருவோம், பெருசா, ரெண்டு பேரு பேரும்." இன்னாசி தலையசைத்தார், நெஞ்சு ஏறி இறங்கியது, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். சுதாகர் மறுபடி விழுந்து சிரித்தான், மாசிலாமணியும், "தண்ணி கேக்கறதப் பாருங்க, அடடா", ரிசப்ஷன் பெண்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. சிரிப்பு ஓயும் என்று இன்னாசி கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு உட்கார்ந்து, சால்வையை எடுத்து வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார். "மேல சொல்லுங்க தணிகை, மேல சொல்லுங்க." அடுத்ததும் ஏகாம்பரத்தின் வசனம்தான். எல்லோரும் இன்னாசியைப் பார்த்தார்கள். இன்னாசி தாடையை அசைத்துத் தணிகையைக் காட்டினார், நீ சொல்லு என்று. தணிகை சொன்னான். அந்தக் குரலிலேயே சொன்னான், மன்னிப்பில் தொடங்கி, ஒரு படி ஏறி, உட்கார்ந்து, கடைசியில் உறிஞ்சி. அறையில் முதலில் சிரித்தவர் இன்னாசி. சால்வைக்குள்ளிருந்து, சத்தமாக, தோள் குலுங்க. அவர் சிரித்து முடிக்கட்டும் என்று தணிகை அடுத்த வரியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவர் முடிக்கவில்லை.